அமாவாசை முகாமில் கேட்ட வரம்

அறுபதுகளில் நான் மேல்மலையனூர் பக்கம் ஒரு ஆரம்ப சுகாதார நிலையத்தில் நர்ஸ். வீடு செஞ்சியில், கோட்டை மலையடியில். தினமும் பஸ்ஸில் இடிபட்டுப் போய்வருவேன். செஞ்சி ஆஸ்பத்திரிக்கு மாற்றல் கேட்டு எழுதிப்போட்ட மனுக்கள் யார் மேசையில் தூங்கினவோ, எனக்குத் தெரியாது.

ஜனம் திரளும் இடத்துக்கே வைத்தியம் போகவேண்டும் என்று மேலிடத்தில் முடிவானது. அமாவாசைக்கு அமாவாசை மேல்மலையனூர் அம்மன் கோயிலுக்கு எதிரே ஒரு கூடாரம், ஒரு மேசை, நான். டாக்டர் மத்தியானம்தான் வருவார். "இனிமே யாரும் செஞ்சிக்கு ஓட வேணாம்" என்று வருகிறவர்களிடமெல்லாம் பெருமையடித்துக்கொள்வேன்.

ஒரு அமாவாசைக் காலையில், நிறைமாசக்காரி ஒருத்தியை அவள் மாமியார் கூட்டிவந்தாள். கால் இரண்டும் வீங்கியிருந்தன.

"தலவலி உயிர் போவுதுங்குறா நர்சம்மா. கண்ணுல பூச்சி பறக்குதாம்."

வரிசை நீளமாக நின்றது. இந்த மாசத்தில் கால் வீங்குவது சகஜம்தானே என்று இரண்டு தலைவலி மாத்திரை கொடுத்து, நிழலில் உட்காரச் சொன்னேன். ரத்த அழுத்தம் பார்க்கும் கருவி மேசைக்கடியில் பெட்டியில் இருந்தது. குனிந்து எடுக்கச் சோம்பல்.

கொஞ்ச நேரத்தில் புளியமரத்தடியில் ஒரே கூச்சல். மரத்தில் சாய்ந்திருந்த அந்தப் பெண்ணின் உடம்பு விறைத்து, தலை வெட்டி வெட்டி ஆடிக்கொண்டிருந்தது. அமாவாசையன்று அங்கே சாமி வராத மரத்தடியே கிடையாது. அதற்குள் நெற்றியில் குங்குமத்தை அப்பி, கையில் வேப்பிலையைத் திணித்திருந்தார்கள். "எம் மருமவ மேல ஆத்தா வந்துட்டா!" என்று மாமியார் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். ரத்த அழுத்தம் ஏறி வரும் பேறுகால வலிப்பு பற்றிப் பரீட்சையில் பக்கம் பக்கமாக எழுதித் தேறியவள் நான். ஆனால் பிறந்ததிலிருந்து சாமியாட்டம் பார்த்து வளர்ந்தவளும்கூட. செருப்பைக் கழற்றிவிட்டுப் போய் அவள் காலில் விழுந்தேன்.

"தாயே, எனக்கு செஞ்சிக்கு மாத்தல் குடு."

தலை ஆடியது. ஆத்தா சரி என்றுவிட்டாள் என்று எனக்குப் புல்லரித்தது.

நிமிர்ந்தபோதுதான் கடைவாயில் ரத்தம் வழிவதைப் பார்த்தேன். நாக்கைக் கடித்திருந்தாள். அலறியடித்து ஓடி, ஸ்பெஷல் பஸ் ஒன்றை மறித்து அவளை ஏற்றினோம். செஞ்சி வருவதற்குள், என் மடியிலேயே, வயிற்றுப் பிள்ளையோடு போய்விட்டாள். வேப்பிலை கையில் அப்படியே இருந்தது.

மாமியார் அழுகைக்கு நடுவே என் கையைப் பிடித்துக்கொண்டாள். "ஆத்தாவே கூட்டிக்கினா. நீ இன்னாமா பண்ணுவ?" கருவியைப் பெட்டியிலிருந்து எடுக்கவே இல்லை என்பதை நான் அவளிடம் சொல்லவில்லை. அந்தக் கோழைத்தனத்தை இன்றுவரை என்னால் மன்னிக்க முடியவில்லை.

அடுத்த அமாவாசைக்குள் மாற்றல் உத்தரவு வந்தது. செஞ்சி ஆஸ்பத்திரி, பிரசவ வார்டு. ஓய்வு பெறும்வரை அங்கேதான் இருந்தேன். வந்த கர்ப்பிணி ஒருத்தியையும் ரத்த அழுத்தம் பார்க்காமல் உட்காரவிட்டதில்லை. ஆனால் நான் கேட்பதற்குப் பதில் சொல்லாமல் எவளாவது தலையை ஆட்டினால் போதும், "வாயத் தொறந்து சொல்லுமா!" என்று வார்டே அதிரக் கத்துவேன். சிடுமூஞ்சி நர்ஸ் என்றுதான் எனக்குப் பேர்.