அக்கரையில் குடியேறாத ஜனங்கள்

இன்று லீவு. கம்ப்யூட்டர் கேமில் நான் கட்டிவரும் நகரத்தில் இடம் போதாமல், ஆற்றுக்கு அக்கரையிலும் மேப்பை நீட்டினேன்.

முதலில் தோல் பதனிடும் டேனரி ஒன்று வைத்தேன். அதை ஒட்டியே வீடுகள். மதியம் நடந்துவந்து சாப்பிட்டுப் போகலாமே என்ற நல்லெண்ணம்தான்.

குடிவந்தவர்கள் எல்லோரும் நாற்றம் தாங்கவில்லை என்று புகார் சொல்லிக் காலி செய்துவிட்டார்கள்.

“வேலை பக்கத்துலயே இருக்குது, இவங்களுக்கு இன்னா கேடு?” என்று கத்தினேன்.

திருப்பத்தூரிலிருந்து, டேனரிகள் நிறைந்த எங்கள் ஆம்பூருக்கு வாழ்க்கைப்பட்டு வந்த அண்ணி எட்டிப் பார்த்துச் சிரித்தார்.

“நான் வந்த புதுசுல மூக்கைப் பொத்திக்கினுதான் சாப்பிட்டேன். உங்க அண்ணன், ‘இன்னா நாத்தம்?’னு கேட்டாரு.”

“இப்போ?”

“இப்போ எங்க அம்மா வூட்டுக்குப் போனா, காத்துல ஏதோ கம்மியா இருக்குது.”

வீடுகளைத் தள்ளிக் கட்டினேன். ஜனங்கள் திரும்பிவந்தார்கள். நகரம் ஜோராக வளர்கிறது.

ஆம்பூர் தோஸ்துகளே, ஜன்னலைத் திறந்து மோந்து பார்த்துச் சொல்லுங்கள். உங்களுக்கு ஏதாவது நாற்றம் வருகிறதா?

எனக்கு அண்ணி வைக்கும் கருவாட்டுக் குழம்பு வாசனை மட்டும்தான் வருகிறது.