அடிக்கூடை

காது மருத்துவமனையில் சத்தம் புகாத சின்ன அறை ஒன்று உண்டு. வருகிறவரை உள்ளே உட்காரவைத்து, ஹெட்ஃபோனை மாட்டி, "சத்தம் கேட்டா கையைத் தூக்குங்க" என்று சொல்லிவிட்டு, கண்ணாடிக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து பொத்தானை அழுத்துவதுதான் அவள் வேலை. இருபத்திரண்டு வருஷமாக அதே நாற்காலி. எல்லோரும் காதுக்காரம்மா என்றே கூப்பிட்டார்கள்.

கேட்காதவர்களைப் பார்த்து அவள் பயந்ததில்லை. பொத்தானை அழுத்தாதபோதே கையைத் தூக்குகிறவர்களைக் கண்டால்தான் பயம். அவர்கள் பொய் சொல்கிறவர்கள் இல்லை. முகத்தைப் பார்த்தாலே தெரியும், நிஜமாகவே எதையோ கேட்கிறார்கள். அதற்கென்று தாளில் ஒரு கட்டம் இருந்தது. எத்தனை தடவை என்று அதில் குறிப்பாள். ஊருக்கு உபதேசம் சுலபம். தன் வீட்டில் தினமும் சாயங்காலம் ஆறரைக்குக் கேட்கிற சத்தத்தை எந்தக் கட்டத்தில் எழுதுவது என்று ஒன்பது வருஷமாக அவளுக்கே தெரியவில்லை.

கிளிக். பூட்டுக்குள் சாவி நுழைகிற சத்தம்.

அவள் புருஷன் வேலை முடிந்து வீட்டுக்கு வருகிற நேரம் அது. ஆலைகளில் இயந்திரம் பொருத்துகிற மெக்கானிக். வேறு ஊரில் பத்து நாள் வேலை என்று பையைத் தூக்கிக்கொண்டு போனவர், போனவர்தான். போலீஸ், பத்திரிகை விளம்பரம், சொந்தக்காரர்கள் என்று எல்லாக் கதவையும் தட்டியாயிற்று. ஆள் இருக்கிறாரா இல்லையா என்பதற்கே ஒரு துப்பும் கிடைக்கவில்லை.

கிளம்பின காலையில் அவர் செய்த கடைசிக் காரியம், மீன்தொட்டியின் ஃபில்டரைக் கழுவியது. வாசற்கதவை ஒட்டித் தொட்டி. அதற்குக் கீழே அலமாரிக்குள் மூடி போட்ட வாளி மாதிரி கேனிஸ்டர் ஃபில்டர். உள்ளே ஒன்றன்மேல் ஒன்றாக மூன்று கூடைகள். "மேல இருக்கிற பஞ்சை மட்டும் தொட்டித் தண்ணியில அலசு. அடிக்கூடையில கை வச்சிடாத, தொட்டியோட உயிரே அங்கதான் இருக்கு" என்று சொல்லிவிட்டுப் போனார். அவள் வைக்கவில்லை. கோடு போட்டால் தாண்டாத பிறவி அது.

பூட்டையும் மாற்றவில்லை. அவரிடம் ஒரு சாவி இருக்கிறதே! வந்து திறக்க முடியாமல் நின்றால்?

ஆறரைக்குக் கிளிக் கேட்டதும் எழுந்து போய்க் கதவைத் திறப்பாள். படிக்கட்டில் யாரும் இருக்க மாட்டார்கள். தொட்டியில் மிச்சமிருந்த இரண்டு தங்கமீன்களும் அந்த நேரத்தில் கதவுப் பக்கமாகத் திரும்பி நிற்கும். அதைப் பார்த்தபடியே மெதுவாகக் கதவைச் சாத்துவாள். கரண்ட் இல்லாத நாட்களில் சத்தம் கேட்டதில்லை. இருட்டில் அவர் எப்படிப் படியேறுவார் என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொள்வாள்.

கேனிஸ்டர் ஒழுக ஆரம்பித்தபோது தங்கச்சிக்குச் சந்தோஷம்.

"அக்கா, புதுசா ஒண்ணு போடு. சத்தம் நின்னுடுச்சுன்னா அது மெஷின் போட்ட சத்தம். அப்பவாவது பூட்டை மாத்திட்டு உன் பொழப்பைப் பாரு."

"நிக்கலைன்னா?"

"நிக்கலைன்னா நானே வந்து அந்தக் கதவு முன்னாடி உக்காந்துக்கறேன், போதுமா?"

அவளும் ஒத்துக்கொண்டாள். ஒத்துக்கொண்ட பிறகு, சத்தம் நின்றுவிடுமோ என்கிற பயத்தில் இரண்டு நாள் சோறு இறங்கவில்லை.

அலங்கார மீன் கடைக்காரர் மூன்று ஃபில்டர்களை மேஜைமேல் வரிசையாக வைத்தார். "எத்தனை லிட்டர் தொட்டிம்மா?"

"இருநூறு."

"அப்ப இந்தச் சின்னது மூச்சு வாங்கும். பெருசு தண்ணியைச் சுழட்டி அடிக்கும், தங்கமீனுக்கு ஆகாது. நடுவுல இருக்கிறதுதான் சரி. ஆனா ரெண்டா போட்டுக்குங்க. ஒண்ணு நின்னாலும் இன்னொண்ணு காப்பாத்தும்."

"ஒண்ணு போதும்" என்றாள். இரண்டு இருந்தால் எது சத்தம் போடுகிறது என்று எப்படிக் கண்டுபிடிப்பது? "இது சத்தம் போடுமா?"

"ஓடுதா இல்லையான்னு கையை வச்சுத்தான் பார்க்கணும்."

பாசி தின்ன இரண்டு நத்தையும் கேட்டாள். போன தடவை வாங்கினது ஒரு வாரம்கூடத் தாங்கவில்லை, அதற்கு முந்தினதும் அப்படித்தான் என்று பேச்சோடு பேச்சாகச் சொன்னாள். நத்தையை அள்ளப் போனவர் கையை வெளியே எடுத்தார்.

"மீன் நல்லா இருக்கு, நத்தை மட்டும் சாகுதா? அப்படின்னா தண்ணியில செம்பு இறங்குதும்மா, நத்தைக்கு அது விஷம். உள்ள எங்கயோ பித்தளை கிடக்குது. பழைய கூடையில இருக்கிற பீங்கான் வளையத்தை எல்லாம் புதுசுல போடணும், தண்ணியைச் சுத்தம் பண்ற நல்ல கிருமி அதுலதான் இருக்கு, இல்லன்னா மீன் செத்துடும். அதை எடுக்கும்போது அடிவரைக்கும் தேடிப் பாருங்க."

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கேனிஸ்டரைத் திறந்தாள். முதல் கூடை, இரண்டாவது கூடை. அடிக்கூடையின் பிடியில் கை வைத்தபோது, பின்னால் நின்று யாரோ பார்ப்பதுபோல் கழுத்து கூசியது. தூக்கினாள்.

அடியில், கறுப்புச் சேற்றுக்குள், ஒரு பித்தளைச் சாவி கிடந்தது.

கழுவித் தன் சாவியோடு சேர்த்து வைத்துப் பார்த்தாள். பல்லுக்குப் பல் பொருந்தியது. தவறி விழுந்திருக்குமோ என்று மனசு ஒரு நிமிஷம் கெஞ்சியது. அவருடைய சாவிக்கொத்தில் நாலு சாவிகள் உண்டு. மற்ற மூன்றும் இங்கே இல்லை. நகத்தால் கொத்தின் வளையத்தை நெம்பி, இதை மட்டும் கழற்றி, மூன்று கூடையையும் வெளியே எடுத்து, அடியில் போட்டு, மறுபடி அடுக்கியிருக்கிறார். அப்புறம்தான் 'பத்து நாள்' என்று சொல்லியிருக்கிறார்.

காலி கேனிஸ்டருக்குள் சாவியைப் போட்டு மெல்ல உலுக்கினாள்.

கிளிக்.

ஆறரைக்குத் தெருவே விளக்குப் போடும், வோல்டேஜ் குறையும், மோட்டார் ஒரு தடவை உதறும், அடியில் சாவி தட்டும். இவ்வளவுதான் விஷயம். அவளுக்கு அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. வர மாட்டேன் என்று முகத்துக்கு நேரே சொல்லத் துப்பில்லாத மனுஷன், ஒன்பது வருஷம் தன் பஞ்சை அலசவைத்துவிட்டானே!

இருந்தாலும் வேலையை விடவில்லை. பீங்கான் வளையங்களைத் தொட்டித் தண்ணீரில் நனைத்துப் புது ஃபில்டருக்கு மாற்றினாள், குழாய்களைப் பொருத்தினாள், பொத்தானை அழுத்தினாள். கடைக்காரர் சொன்னது நிஜம். கை வைத்தால்தான் ஓடுவது தெரிந்தது. வீடு அவளுடைய பரிசோதனை அறைபோல ஆகிவிட்டது.

இரண்டு சாவியையும் மடியில் வைத்துக்கொண்டு கதவுக்கு எதிரே உட்கார்ந்தாள். தெருவில் விளக்குகள் எரிந்தன. ஆறரை.

இரண்டு மீன்களும் கதவுப் பக்கம் திரும்பின. அவளுடைய வலது கை தானாக மேலே எழுந்தது.

ஃபோன் அடித்தது. இடது கையால் எடுத்தாள்.

"என்னக்கா, சத்தம் நின்னுடுச்சா?"

"மெஷின்ல நின்னுடுச்சு."

"அப்பாடா! நாளைக்கே பூட்டு மாத்துற ஆளை அனுப்பறேன்."

"வேண்டாம்" என்றாள் காதுக்காரம்மா, கதவிலிருந்து கண்ணை எடுக்காமல். "ரெண்டு சாவியும் என்கிட்டதான் இருக்கு."

தூக்கிய கையை அவள் இன்னும் இறக்கவில்லை.