அரசனின் குதிரைக்குக் கால் வைத்தவர்

அவரிடம் பொத்தல் இல்லாத சட்டை ஒன்றுகூடக் கிடையாது. வெல்டிங் பொறி தெறித்தே எல்லாம் சல்லடையாகியிருந்தன. ஊரில் அவருக்குச் சல்லடை என்றே பெயர் நிலைத்துவிட்டது.

கடைத்தெரு முனையில் அவருடைய பட்டறை. எதிரே சதுக்கத்தில், குதிரைமேல் அமர்ந்த அரசனின் வெண்கலச் சிலை. ஊருக்கே குடிதண்ணீர் தரும் ஏரியை வெட்டியவன் அந்த அரசன். ஆற்றுக்கு அக்கரையிலோ அவன் பேரை எடுத்தாலே முகம் சுளிப்பார்கள். நானூறு வருடங்களுக்கு முன் அக்கரை ஊரைப் பிடித்து, களஞ்சியங்களைக் கொளுத்தி, ஆண்களைக் கயிற்றில் பிணைத்து இழுத்துவந்துதான் ஏரியை வெட்டவைத்தான். சல்லடையின் மனைவி பிறந்தது அக்கரையில்.

அவருக்கு நாற்பத்தாறு வயதாக இருந்தபோது குதிரையின் முன்னங்காலில் விரிசல் கண்டது. நகராட்சிப் பொறியாளர் பட்டறைக்கு வந்தார்.

"வேற ஆளே கிடைக்கலையா சார்?"

"வெண்கலத்துல கை வைக்க உங்களை விட்டா யாரு இருக்கா?"

பதினொரு நாள் வேலை. குதிரையின் காலைச் சன்னல்போல் வெட்டித் திறந்தார். உள்ளே இருந்த இரும்புத் தண்டு துருப்பிடித்து, தொட்டதும் உதிர்ந்தது. புதுத் தண்டு வைத்து மூடி, ஒட்டின இடம் தெரியாமல் அரத்தால் ராவிவிட்டார். மறுநாள் பத்திரிகையில் அவர் படம் வந்தது.

அன்றே மாமனார் போனில் கூப்பிட்டார்.

"மாப்பிள்ளை, எங்க ஆளுங்களைக் கட்டி இழுத்துட்டு வந்தவனுக்கு நீங்க முட்டுக் கொடுத்திருக்கீங்க."

"விழுந்தா கீழ நிக்கிறவங்க தலையிலதானே மாமா விழும்?"

"விழட்டும்னு நான் சொல்லல. அதை ஏன் நீங்க பண்ணணும்னுதான் கேக்கறேன்."

அதோடு பேச்சு நின்றது. இரண்டு வருடம் மனைவி மட்டும் தனியாகப் பிறந்தகம் போய்வந்தாள்.

மூன்றாம் வருடம், ஏரி வேலையில் செத்தவர்களின் பட்டியல் ஒன்று பழைய ஆவணக் கட்டு ஒன்றில் கிடைத்தது. இருநூற்றுப் பன்னிரண்டு பேர். அதை இரும்புத் தகட்டில் வெட்டி வைக்க அக்கரைக்காரர்கள் முடிவு செய்தார்கள். மாமனாரே பட்டறைக்கு வந்து, உட்காராமல் நின்றபடி காகிதத்தை நீட்டினார்.

"உங்களால முடியுமா?"

"முடியும் மாமா."

மனைவி பட்டியலை வாசிக்க, அவர் தகட்டில் சாக்பீஸால் எழுதினார். பாதி வரிகளில் பெயரே இல்லை. குயவன். கொல்லன், அவன் மகன். நொண்டி. இன்னொரு கொல்லன். அவர் கையை நிறுத்தினார்.

"இப்படியேவா வெட்டணும்?"

"எழுதினவன் அவ்வளவுதான் எழுதியிருக்கான். அப்படியே வெட்டுங்க" என்றாள். அடுத்த வரிக்குப் போனாள்.

தகடு அக்கரையில் நிறுத்தப்பட்டது. இக்கரையில் அவருடைய பட்டறைக் கதவில் கரி பூசினார்கள். முடிவெட்டுகிறவர் கத்தரியைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார்:

"நீ எந்தப் பக்கம்? அதைச் சொல்லு முதல்ல."

"குதிரைக்குக் கால் வச்சதும் நான்தான், தகடு வெட்டினதும் நான்தான். ஏரி வெட்டினதும் ஊரைக் கொளுத்தினதும் ஒரே ஆள்தானே? அதுக்கு என்னை என்ன பண்ணச் சொல்றே?"

"வாய் மட்டும் குறைச்சலில்ல" என்று அவர் மீதி முடியையும் வெட்டிவிட்டார்.

அதற்குப் பிறகு நகராட்சி சல்லடையைக் கூப்பிடவில்லை. பள்ளிக்கூட பெஞ்சு, வீட்டு கேட் என்று பிழைப்பு ஓடியது. மாமனார் மட்டும் மாதம் ஒருமுறை வரத் தொடங்கினார். சாப்பாட்டுக்கு முன்பே சண்டை ஆரம்பமாகிவிடும்.

"என்ன இருந்தாலும் ஏரி வெட்டினவன் மாமா."

"யாரை வச்சு?"

இருவரும் சளைக்கவில்லை. ஒன்பது வருடம் கழித்து மாமனார் படுக்கையில் விழுந்தபோதுகூட, சல்லடை கட்டிலருகே ஸ்டூல் போட்டு உட்கார்ந்து அதே வழக்கைத்தான் பேசிக்கொண்டிருந்தார். மனைவி வந்து, "அப்பாவுக்கு மருந்து குடுக்கணும், நகருங்க" என்றாள்.