நகராத வண்டியில் இரண்டு நாள்

இருபத்தாறு வருடம் வண்டியோடு படுத்து எழுந்தவனை விடுமுறைக்கு எங்கே கூட்டிப்போகலாம் என்று என் மகள் யோசித்திருக்கிறாள். யோசித்து, படுத்துத் தூங்குகிற மாதிரி செய்த இன்னொரு வண்டியில் இரண்டு நாள் தங்க இடம் பிடித்துவிட்டாள். கல்லூரியில் கடைசி வருடம் படிப்பவள். விடுதியிலிருந்து போன் பண்ணி, “அப்பா, உங்களுக்குப் புடிச்ச எடமாத்தான் பாத்திருக்கறேன், ஒண்ணும் பேசாம வாங்க” என்றாள்.

நான் ரிக் வண்டியில் டிரில்லராக இருந்தவன். போர் போடுகிற, அதாவது ஆழ்துளைக் கிணறு தோண்டுகிற, இயந்திரத்தை இயக்குகிறவனுக்கு எங்கள் திருச்செங்கோட்டுப் பக்கம் அதுதான் பெயர். மழைக்காலம் முடிந்ததும் ரிக்கும், ராடும் சாமானும் ஏற்றிய சப்போர்ட் லாரியும் வடக்கே கிளம்பினால், அடுத்த மழைக்குத்தான் ஊர் திரும்பும். சமையல், குளியல், தூக்கம் எல்லாம் அந்த லாரியை ஒட்டித்தான். மகள் சின்னவளாக இருந்தபோது லாரிக்குள் ஒரு வீடு இருக்கிறது என்று நம்பிக்கொண்டிருந்தாள். “என்னையும் ஒரு நாள் அங்க படுக்க வெய்யுங்கப்பா” என்று ஒவ்வொரு வருடமும் கேட்பாள். எட்டு ஆண்கள் உருளுகிற இடத்தில் பெண் குழந்தையை எப்படிப் படுக்க வைப்பது? அடுத்த தடவை பாத்துக்கலாம் சாமி என்று சொல்லிச் சொல்லியே அவள் வளர்ந்துவிட்டாள்.

இனிமேல் போவதில்லை என்று நான் வீடு வந்து சேர்ந்து ஆறு மாதம் ஆகியிருந்தது. வலது கை விரல்களில் உணர்ச்சி இல்லை. இயந்திரத்தின் அதிர்வு வருடக்கணக்காகக் கைப்பிடி வழியாக ஏறினால் அப்படி ஆகுமாம். காதும் பாதி மந்தம். இன்னும் ஒரு சீசன் போனால் மிச்சமிருப்பதும் போய்விடும் என்று சேலத்து டாக்டர் சொல்லிவிட்டார். விரலைப் பற்றி மட்டும் மனைவியிடம் சொன்னேன், காதைப் பற்றிச் சொல்லவில்லை. ஓர் ஆளுக்கு ஒரு குறை போதும் என்று நினைத்தேன்.

வீட்டில் எனக்கென்று ஒரு வேலையும் இல்லை. மரவள்ளிக் காட்டுக்கு ஆள் சொல்வது, மோட்டார் ரிப்பேர், சொந்தக்காரர் வீட்டு மொய், எல்லாவற்றையும் இருபத்தாறு வருடமாக என் மனைவியே பார்த்துப் பழகியிருந்தாள். நான் போய் நின்றால், “நீங்க சித்த அக்கட்டால உக்காருங்க” என்பாள். கோபமாகச் சொல்லமாட்டாள். விருந்தாளியிடம் சொல்கிற மாதிரிதான் சொல்வாள். உட்கார்ந்தேன். விடிகாலை நான்கு மணிக்கு விழித்துக்கொண்டு, எதற்கு விழித்தோம் என்று தெரியாமல் உட்கார்ந்தேன். சந்தோஷமா என்றால் இல்லை, துக்கமா என்றால் அதுவும் இல்லை. பல் பிடுங்கப் போட்ட ஊசியின் மதமதப்பு உடம்பு முழுக்க இருந்ததென்று வைத்துக்கொள்ளுங்கள்.

மகள் போன் பண்ணிய வாரம்தான் என் பழைய முதலாளியும் கூப்பிட்டார். என்னைவிட இளையவர், என்னை அண்ணா என்பார். மத்தியப் பிரதேசத்துக்கு வண்டி திங்கட்கிழமை கிளம்புகிறது, டிரில்லர் கடைசி நேரத்தில் நின்றுகொண்டான், நான் வருகிறேனா என்று சனிக்கிழமை சாயங்காலத்துக்குள் சொல்லவேண்டும். சொல்கிறேன் என்றேன். வீட்டில் மூச்சு விடவில்லை. அதை வயிற்றில் வைத்துக்கொண்டுதான் சனிக்கிழமை காலை மனைவியோடும், விடுதியிலிருந்து வந்திருந்த மகளோடும் கிளம்பினேன்.

இடம் சேலத்தைத் தாண்டி ஆத்தூர் போகிற ரோட்டில். ஒரு பக்கம் தண்ணீர் விளையாட்டுப் பூங்கா, மறுபக்கம் ராட்டினங்கள் வைத்த பூங்கா, நடுவில் தென்னந்தோப்பில் ஆறு வண்டிகள். கேரவன் என்றார்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரு கரண்ட் இணைப்பு, ஒரு தண்ணீர்க் குழாய், வாசலில் இரண்டு நாற்காலி. போய் இறங்கியதும் என் கால் தானாக வண்டியைச் சுற்றியது. டயரைத் தட்டிப் பார்த்தேன். சக்கரத்துக்குப் பின்னால் கல் வைத்தேன். அப்புறம்தான் கவனித்தேன், அச்சுக்கு அடியில் செங்கல் கட்டி வண்டியையே தூக்கி நிறுத்தியிருந்தார்கள். முன்பக்கம் திறந்து பார்த்தால் இன்ஜினே இல்லை. ஸ்டீயரிங்கை மட்டும் போட்டோ எடுப்பவர்களுக்காக விட்டுவைத்திருந்தார்கள்.

“அப்பா, கல்லு எதுக்கு? இது எங்கயும் ஓடிராது” என்று மகள் சிரித்தாள்.

உள்ளே மெத்தை, ஏ.சி., கை கழுவத் தொட்டி. மனைவி ஒவ்வொன்றையும் திறந்து மூடிப் பார்த்துவிட்டு, “இப்படித்தான் இருந்தீங்களாக்கும்? இது தெரியாம நான் ஒவ்வொரு நாளும் பாவம்னு நெனச்சுட்டுக் கெடந்தேன்” என்றாள். ஏ.சி. மட்டும் கிடையாது என்றேன். லாரிக்கு அடியில் தார்ப்பாய் விரித்துப் படுத்ததை எதற்குச் சொல்வது? அவள் சந்தோஷமாக இருந்தாள். அதைக் கெடுக்கத் தோன்றவில்லை.

மத்தியானம் தண்ணீர்ப் பூங்காவுக்குப் போனோம். அங்கே அலை அடிக்கிற குளம் ஒன்று. சங்கு ஊதினால் தண்ணீர் எழும்புகிறது, ஜனங்கள் கத்துகிறார்கள், மறுபடி ஊதினால் அடங்குகிறது. ஆயிரம் அடி இறங்கியும் புழுதியைத் தவிர ஒன்றும் வராத நிலங்களில், தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு நின்ற விவசாயிகளை எனக்குத் தெரியும். வேறு நாளாக இருந்தால் எரிச்சலில் நாலு வார்த்தை திட்டியிருப்பேன். அன்றைக்கு எரிச்சலும் வரவில்லை. மகள் என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய் இடுப்பளவு தண்ணீரில் நிறுத்தினாள். அலை வந்து மோதியது. “நல்லாருக்குதாப்பா?” என்றாள். நல்லாருக்குது சாமி என்றேன். நான் முதலாளிக்கு என்ன சொல்லலாம் என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

சாயங்காலம் திரும்பியதும் மனைவியும் மகளும் துணி மாற்ற உள்ளே போனார்கள். நான் வண்டிக்குப் பின்புறம் போய் முதலாளியைக் கூப்பிட்டேன். வாயைக் கையால் பொத்திக்கொண்டு, ரகசியமாகத்தான் பேசினேன். “திங்கக்கெழம வந்தர்றேன் தம்பி. ஊட்டுல இன்னுஞ் சொல்லல, கெளம்பறப்ப சொல்லிக்கறேன்” என்றேன். உடம்பு பரவாயில்லையா என்று அவர் கேட்டார். “உக்காந்திருக்க முடியல தம்பி. இங்க எனக்கு ஒண்ணுமே இல்ல” என்றேன்.

பேசி முடித்துத் திரும்பினால், பக்கத்து வண்டி அம்மா கொடியில் துண்டு போட வந்தவர் அப்படியே நின்று என்னைப் பார்த்தார். லுங்கியோடு நிற்கிறேனே, அதைத்தான் பார்க்கிறார் என்று நினைத்தேன். சாப்பாட்டின்போது மகள் அதிகம் பேசவில்லை. தண்ணீரில் ஆடிய களைப்பு என்று எடுத்துக்கொண்டேன்.

மறுநாள் வழக்கம்போல முதல் ஆளாக எழுந்து, விடியும்வரை காத்திருந்து, தோப்புக்குள் நடந்தேன். வேலியோரம் ஒரு பழைய போர்க் குழாய் தரைக்கு மேல் முழ உயரம் நீட்டிக்கொண்டிருந்தது. மேலே ஒரு பலகைக்கல்லைச் சும்மா தூக்கி வைத்திருந்தார்கள். குழந்தைகள் ஓடுகிற இடத்தில் இப்படியா மூடுவார்கள் என்று ஆத்திரமாக வந்தது. ஆறு மாதத்தில் எனக்கு வந்த முதல் ஆத்திரம் அதுதான். கல்லை நகர்த்தினேன். போரைப் பார்த்தால் எங்கள் ஆட்கள் யாரும் சும்மா போகமாட்டார்கள். ஒரு கூழாங்கல்லைப் போட்டு, எண்ணிக்கொண்டே காதை வைப்போம். கல் தண்ணீரில் விழுகிற சத்தம் எந்த எண்ணிக்கையில் வருகிறதோ, அதை வைத்துத் தண்ணீர் எத்தனை அடியில் நிற்கிறது என்று சொல்லிவிடலாம்.

போட்டேன். இருபது வரை எண்ணினேன். ஒன்றும் இல்லை.

“வறண்ட போரு” என்றேன், பின்னால் மனைவி வந்து நிற்பதைப் பார்த்து. அவள் கையில் இரண்டு டீ டம்ளர்.

“தண்ணி இருக்குதுங்களே” என்றாள். “டொபுக்குனு நல்லாக் கேட்டுச்சே.”

இன்னொரு கல்லைப் போட்டேன். இந்தத் தடவை குழாயைப் பார்க்காமல் அவள் முகத்தைப் பார்த்தேன். நாலு எண்ணியதும் அவள் கண் லேசாக அசைந்தது. எனக்கு எதுவும் கேட்கவில்லை. எத்தனையோ பேருக்குத் தண்ணீர் உண்டு, இல்லை என்று நியாயம் சொன்ன காது. அவள் முகத்தைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது.

அவள் டீயை நீட்டினாள். “காது போயிருச்சுன்னு நீங்க வந்த மொத வாரமே எனக்குத் தெரியுமுங்க. டி.வி.ய அவ்வளவு சத்தமா வெக்கறதுல தெரியாதுங்களா?” என்றாள். பிறகு, “நேத்துப் போன்ல பேசுனீங்களே, ஆறு வண்டிக்கும் கேட்டுச்சு” என்றாள்.

நான் டம்ளரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். ரிக் வண்டியின் கம்ப்ரசர் சத்தத்துக்கு நடுவில் பேசிப் பழகியவனுக்கு ரகசியம் எந்த அளவு என்பது மறந்துவிட்டிருக்கிறது.

“பாப்பாவுக்கும் கேட்டுச்சா?”

“கேக்காம இருக்குமா? சன்னலுக்குப் பக்கத்துல உக்காந்து தல சீவீட்டு இருந்தா. போறதுன்னா போங்க, அது எங்களுக்குப் பழக்கந்தான். இங்க ஒண்ணுமே இல்லைன்னு சொன்னீங்க பாருங்க, அதையத்தான் அவளால தாங்க முடியல. நீங்களா எப்பச் சொல்லுவீங்கன்னு பாத்துட்டு இருக்கறா. போய்ச் சொல்லிப் போடுங்க.”

அவள் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். பலகைக்கல்லை மறுபடி நகர்த்தி வைத்து, மேலே இன்னும் இரண்டு கல் தூக்கி வைத்து, ஆட்டிப் பார்த்துவிட்டு நடந்தேன்.

மகள் வண்டியின் டிரைவர் சீட்டில் உட்கார்ந்து ஸ்டீயரிங்கின் மேல் கை வைத்திருந்தாள். நான் ஏறிப் பக்கத்து சீட்டில் உட்கார்ந்தேன். கண்ணாடிக்கு அப்பால் தென்னை மரங்கள் அப்படியே நின்றன.

“நாளைக்கு வண்டிக்குப் போறேன் சாமி” என்றேன்.

“ம்.”

“நேத்து நான் சொன்னது, இங்க ஒண்ணுமில்லைன்னு...”

“மெதுவாப் பேசுங்கப்பா” என்றாள், முன்னால் பார்த்தபடியே. “பக்கத்து வண்டிக்குக் கேக்கும்.”

பிறகு அவள், “எப்பப்பா வருவீங்க?” என்று கேட்டாள். ஐந்து வயதில் கேட்ட அதே கேள்வி. மழைக்கு வந்தர்றேன் என்றேன். அதுவும் அதே பதில்தான்.

இரண்டு சீட்டுக்கும் நடுவில் இருந்த என் வலது கையை அவள் எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். இன்னும் பிடித்திருக்கிறாளா, விட்டுவிட்டாளா என்று மரத்துப்போன அந்த விரல்களுக்குத் தெரியவில்லை. குனிந்து பார்த்தேன். பிடித்துக்கொண்டுதான் இருந்தாள்.