பாத்திரம் தலைக்கு ஏறும் நேரம்

வலி எப்போது குறைவாக இருக்கும் என்று அந்த டாக்டரம்மா கேட்டபோது எனக்கு உடனே பதில் தெரிந்தது. சொல்லத்தான் கூச்சமாக இருந்தது.

எனக்குக் குடலிறக்கம். அடிவயிறு தொடையோடு சேரும் இடத்தில் எலுமிச்சம்பழ அளவுக்கு ஒரு புடைப்பு. நின்றால் வெளியே வரும், படுத்தால் உள்ளே போய்விடும். தாராவியிலிருந்து மாட்டுங்கா வரைக்கும் தலையில் இட்லிப் பாத்திரம் சுமந்து, தெருத்தெருவாக விற்கிறவன் நான். இருபது வருடத்துச் சுமை.

அந்த ஆஸ்பத்திரியில் என்னைப் போன்றவர்களின் ரத்தத்தை எடுத்து ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தார்கள். ஆபரேஷனுக்கு முந்தின நாள் ஒரு முறை, ஆபரேஷன் முடிந்த மறுநாள் ஒரு முறை. எடுப்பதற்கு முன் அரை மணி நேரம் பேசாமல் அசையாமல் படுத்திருக்க வேண்டும். டாக்டரம்மா மாட்டுங்காவில் பிறந்து வளர்ந்தவர். தமிழ் பேசுவார், படிக்கத் தெரியாது. நான் படித்தது ஐந்தாம் வகுப்பு வரை. படிவம் இங்கிலீஷில் இருந்ததால் அவரே கேள்விகளைத் தமிழில் கேட்டார்.

"கவலைப்பட்டா உடம்புல கார்ட்டிசால்னு ஒண்ணு ஏறும், மாமா. வலிக்கு உடம்பே ஒரு மருந்து பண்ணிக்கும், அது எண்டார்ஃபின். ரெண்டும் உங்க ரத்தத்துல எவ்வளவு இருக்குன்னு பாக்கப்போறோம். சொல்லுங்கோ, வலி எப்போ கம்மி?"

"பாத்திரம் தலைக்கு ஏறும்போது."

பேனா நின்றது. "எப்போ ஜாஸ்தின்னு கேக்கலை. கம்மி எப்போன்னு கேட்டேன்."

"அப்பதாம்மா கம்மி."

"எல்லாருக்கும் வெயிட் தூக்கறச்சேதான் உயிர் போறது. உங்களுக்கு மட்டும் தலைகீழா இருக்கே." சிரித்துக்கொண்டே அந்தக் கட்டத்துக்குப் பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போட்டார்.

அதற்கு மேல் அவரிடம் என்ன சொல்வது? நிறைந்த இட்லிப் பாத்திரத்தை ஒரே ஆளாகத் தலையில் ஏற்ற முடியாது. ஒரு கைப்பிடியை நான் பிடிப்பேன், மறுபக்கத்தை என் மனைவி பிடிப்பாள். "ம்" என்பாள். இரண்டு பேரும் ஒரே மூச்சில் தூக்குவோம். பாத்திரம் சும்மாட்டில் உட்கார்ந்த பிறகும் அவள் உடனே கையை எடுக்க மாட்டாள். ஆடாமல் நிற்கிறதா என்று கொஞ்ச நேரம் பிடித்துப் பார்ப்பாள். அப்போது அவள் முகம் என் நெஞ்சுக்குப் பக்கத்தில் இருக்கும். இட்லி ஆவி பட்ட நெற்றி ஈரமாக இருக்கும். அவள் வீட்டில் இருந்த கடைசி வருடங்களில், நாங்கள் அவ்வளவு பக்கத்தில் நின்றது அப்போது மட்டும்தான்.

தப்பு என்னுடையது. புடைப்பு வந்ததும் அதை அவளிடம் காட்டக் கூசினேன். கீழே புழுக்கம் என்று சொல்லி, பலகை அடித்த மேல்தளத்தில் பாயை விரித்தேன். தகரக் கூரைக்கு அடியில் படுக்கிறவனுக்குக் கீழே புழுக்கமாம். ஏணியில் ஒவ்வொரு படிக்கும் அடிவயிறு இழுக்கும். அவள் எதையும் கேட்கவில்லை. டோம்பிவிலியில் இருக்கும் எங்கள் மகளுக்குக் குழந்தை பிறந்தபோது, நாற்பது நாள் பார்த்துக்கொள்ளப் போனாள். குழந்தை நடக்க ஆரம்பித்த பிறகும் அவள் திரும்பவில்லை. பக்கத்து வீட்டுக்காரர்தான் பாத்திரத்தைத் தூக்கிவிட்டார். ஏறியதும் கையை எடுத்துவிட்டுப் போய்விடுவார். அதனால் நான் டாக்டரம்மாவுக்குச் சொன்ன பதில் ஒரு வருடம் பழையது.

ஆபரேஷனுக்கு வீட்டு ஆள் ஒருவர் கையெழுத்துப் போட வேண்டும் என்றார்கள். மகளுக்குப் போன் செய்தேன். வந்தது மனைவி.

ஆபரேஷன் முடிந்த மறுநாள், ரத்தம் எடுப்பதற்காக அசையாமல் படுத்திருந்தேன். அவள் பக்கத்தில் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தாள். அந்த அரை மணி நேரத்தில்தான் எனக்குப் பேச்சு வந்தது. கூரையைப் பார்த்தபடி சொன்னேன். "அந்த எடத்துல வீங்கிக் கெடந்துச்சு. ஒங்கிட்ட காட்ட வெக்கமா இருந்துச்சு. அதான் மேல போனேன்."

அவள் என் பக்கம் குனிந்தாள்.

"இதுக்காவா?" என்றாள். "என்னைய பிடிக்காமப் போச்சுன்னுல்லா நெனச்சேன். இந்த வலியோட ஏணி வேற ஏறியிருக்கீய. புத்திய எங்க கொண்டு போயி வச்சீய?"

"பாத் நஹி கர்னே கா," என்று நர்ஸ் அதட்டினார். பேசக் கூடாதாம். அவள் வாயை மூடிக்கொண்டாள். கட்டில் கம்பியைப் பிடித்திருந்த அவள் கை மெல்ல நகர்ந்து வந்து என் சுண்டுவிரலைத் தொட்டபடி நின்றது. பிறகு ஊசி குத்தினார்கள். என் ரத்தம் இருந்த குழாய், தட்டில் மற்றவர்களின் குழாய்களோடு போனது. அதில் என்ன இருந்தது என்று பிறகு கேட்டேன். "எல்லாரோடதையும் சேத்துதான் பாப்போம் மாமா, தனித்தனியா சொல்ல மாட்டோம்," என்றார் டாக்டரம்மா.

அவள் என்னை வீட்டில் கொண்டுவந்து விட்டு, இரண்டு நாள் இருந்து, கஞ்சி வைத்துக் கொடுத்தாள். மகள் வேலைக்குப் போக வேண்டும், குழந்தையைப் பார்க்க ஆள் இல்லை. கிளம்பும்போது வாசலில் நின்று, "மூணு மாசம் வெயிட் தூக்கக் கூடாதாம்லா. இனி தூக்கி விடவும் ஆளு வேண்டாம். நான் என்னத்துக்கு இங்க?" என்றாள். சிரித்தபடிதான் சொன்னாள், ஆனால் என் முகத்தைப் பார்த்துக்கொண்டே நின்றாள். நான் ரயிலுக்குச் சில்லறை எடுத்துக் கொடுத்தேன். அவள் டோம்பிவிலிக்குப் போய்விட்டாள்.

மூன்று மாதத்தையும் வீட்டில் கழித்தேன். ஏணி ஏற வேண்டாம் என்று ஆஸ்பத்திரியில் சொல்லியிருந்ததால், அவள் பழைய சேலையை விரித்துக் கீழேதான் படுத்தேன். பாத்திரம் மூலையில் கவிழ்ந்து கிடந்தது. நேற்றுக் கடைசியாக ஒரு முறை பார்த்துவிட்டு, இனிமேல் தூக்கலாம் என்றார்கள். திரும்பி வந்ததும் மகளின் போனுக்கு அடித்து, அவளிடம் கொடுக்கச் சொன்னேன்.

"தூக்கலாம்னுட்டாங்க. ஆனா பாதிப் பாத்திரந்தான்."

"பாதிக்கு எதுக்கு ரெண்டு ஆளு? நீங்களே ஏத்திக்கலாமே."

"ஏத்திக்கலாம்," என்றேன். பிறகு, "ஏறுனதுக்குப் பெறவு பிடிச்சுப் பாக்க ஆளு இல்ல," என்றேன்.

அந்தப் பக்கம் குழந்தை எதையோ தட்டிக்கொண்டிருந்தது. அவள் அதை அதட்டவில்லை.

"ஞாயித்துக்கெழம வாரேன்," என்றாள். "மேல கெடக்குத பாயக் கீழ கொண்டாந்து போடுங்க."

இன்று வியாழன். பாயை நேற்றே இறக்கி உதறி விரித்துவிட்டேன்.