கிராணி வீட்டுச் சோறு

ஜப்பான்காரன் வந்த கொஞ்ச காலத்திலேயே எங்கள் தோட்டத்தில் அரிசி தீர்ந்துவிட்டது. மலாயாவில், அதுவும் கெடாவில் அரிசிப் பஞ்சம் என்று இன்றைக்குச் சொன்னால் சிரிப்பார்கள். குருணில் ரயில் ஏறி வடக்கே போனால் இரண்டு பக்கமும் கண்ணுக்கெட்டிய வரை வயல்தான். அந்த வயல்கள் அப்போதும் விளையத்தான் செய்தன. விளைந்தது மூட்டையாகி, லாரி ஏறி, எங்களைத் தாண்டி எங்கேயோ போனது. எங்களுக்குப் பங்கீடாக வந்தது சுண்ணாம்பு நாற்றம் அடிக்கும் பழைய அரிசி. முதலில் அது சுருங்கியது, பிறகு நின்றே போனது.

என் வீட்டுக்காரர் அந்த ரப்பர் தோட்டத்துக் கிராணி, அதாவது கணக்கு எழுதுகிறவர். வெள்ளைக்காரத் துரை தப்பித்து ஓடிய பிறகு ஆபீசில் எழுதுவதற்கு ஒன்றும் இல்லை. ஆனாலும் இவர் தினமும் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு போவார். கதவைத் திறப்பார், துரையின் நாற்காலியைத் துடைப்பார், தன் நாற்காலியில் கொஞ்ச நேரம் உட்காருவார், கதவைப் பூட்டிக்கொண்டு வருவார். கேட்டால், "வேலை ஜாஸ்தி" என்பார்.

பால்மரம் வெட்டும் ஜனங்கள் இருந்த லயங்களில் மரவள்ளிக்கிழங்கு வேக ஆரம்பித்தது. யாரும் வெட்கப்படவில்லை. பசிக்கு எது கிடைத்ததோ அதைச் சாப்பிட்டார்கள். எங்கள் வீட்டில்தான் அது பெரிய விஷயமாகிவிட்டது.

"கிராணி வீட்டுல கிழங்கு வேகுதுன்னு வெளியே தெரிஞ்சா எவன் மதிப்பான்?" என்றார் இவர்.

"ஏங்க, மதிப்புக் குடுக்கற தொரையே ஓடிட்டாரு. இன்னும் யாரு மதிக்கணும்?"

"டிரஸர் மதிக்கணும்."

டிரஸர் என்பவர் தோட்டத்து ஆஸ்பத்திரியில் மருந்து கொடுப்பவர். பக்கத்து வீடு. நடுவில் ஒரு செம்பருத்தி வேலி. துரை வீட்டு விருந்தில் யார் முன்னால் உட்காருவது என்று இரண்டு பேருக்கும் பல வருஷத்துப் போட்டி. துரையும் போய், விருந்தும் போன பிறகு போட்டிக்கு வேறு இடம் தேவைப்பட்டது. அது என் அடுப்படிக்கு வந்து சேர்ந்தது.

ஆகவே நாங்கள் கிழங்கு சாப்பிட்டுக்கொண்டே சோறு சாப்பிடும் குடும்பமாக நடிக்கத் தொடங்கினோம். பால்டின்னில் ஆணியால் ஓட்டை போட்டுத் துருவி செய்துகொண்டேன். கிழங்கைத் துருவி, இவருடைய கிழிந்த வேட்டியில் கட்டிப் பிழிந்தால் பால்போலத் தண்ணீர் வரும். பார்க்க அரிசி களைந்த தண்ணீர் மாதிரியே இருக்கும். அதை டிரஸர் வீட்டம்மா வாசலுக்கு வரும் நேரம் பார்த்து நான் எங்கள் வாசலில் கொட்டுவேன். காய்ந்த கிழங்கை உரலில் போட்டு இடித்தால் நெல் குத்தும் சத்தம் கேட்கும். வேலிக்கு அந்தப் பக்கத்திலும் உரல் சத்தம் கேட்கும், வெள்ளைத் தண்ணீர் வாசலில் விழும். "பாத்தியா, டிரஸருக்கு எங்கிருந்தோ அரிசி வருது" என்று இவர் பல்லைக் கடிப்பார். அப்புறம் என்னை இன்னும் பலமாக இடிக்கச் சொல்வார்.

கிழங்குத் தோலைத்தான் எங்கே போடுவது என்று தெரியவில்லை. குப்பையில் போட்டால் ஊர் பார்க்கும். இவருக்குத் திடீரென்று பூந்தோட்டத்தில் ஆசை வந்தது. சாயங்காலம் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு கொல்லையில் பள்ளம் வெட்டுவார். தோலைக் கொட்டி மண் மூடி, மேலே ரோஜாக் குச்சி ஒன்றை நடுவார். குச்சி எதுவும் துளிர்க்கவில்லை, பாத்தி மட்டும் வீட்டு நீளத்துக்கு வளர்ந்தது. டிரஸர் வேலிமேல் எட்டிப் பார்த்து, "என்ன கிராணி, இந்தக் காலத்துலயும் பூவா?" என்று கேட்டால், "வயிறு நெறஞ்சா மனுஷனுக்கு அழகும் வேணும்ல?" என்பார் இவர்.

மூத்தவளுக்கு அப்போது ஐந்து வயது இருக்கும். யார் கேட்டாலும், "சோறும் பருப்பும் சாப்பிட்டேன்" என்று சொல்லப் பழக்கி வைத்திருந்தோம். அவள் எதையும் நன்றாகச் செய்கிறவள். முதலில் பருப்போடு அப்பளம் சேர்த்தாள். டிரஸர் மகள், "எங்க ஊட்டுல நெய்ச்சோறு" என்று சொன்னதும் இவள் ஆட்டுக்கறிக்குப் போனாள். அவள் கோழிக்குப் போனாள். இரண்டும் வாசலில் உட்கார்ந்து, வெறும் வயிற்றோடு, விருந்து மேல் விருந்தாகப் பரிமாறிக்கொள்ளும். லயத்துப் பிள்ளைகள் வாயைப் பிளந்து கேட்டுக்கொண்டிருக்கும். நானும் டிரஸரம்மாவும் அவரவர் சன்னலில் நின்று கேட்போம். இரண்டு பேருக்கும் வாயில் எச்சில் ஊறியிருக்கும் என்று நினைக்கிறேன்.

சின்னவள்தான் நடிக்கத் தெரியாதவள். ஒன்றரை வயது தாண்டியும் நிற்கவில்லை. முகம் வெளுத்து, கால் இரண்டும் பளபளவென்று வீங்கியிருந்தன. "பக்கத்துலதானே டிரஸர் இருக்காரு, காட்டிடுவோம்" என்று நான் கெஞ்சினேன்.

"காட்டினா, பிள்ளைக்கு என்ன குடுக்கறீங்கன்னு முதல் கேள்வி கேப்பான். என்ன சொல்லுவே?"

பிள்ளையின் காலில் எண்ணெய் தடவிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

பிள்ளைகளின் விருந்துச் செய்தி லயத்தில் பரவி, சாப்பாட்டுக்கடை வரை போய், டவுனுக்கும் போயிருக்கிறது. ஒரு காலையில் ராணுவ லாரி ஒன்று எங்கள் வாசலில் வந்து நின்றது. இடுப்பில் வாள் தொங்க ஓர் அதிகாரி இறங்கினார். பின்னால் இரண்டு சிப்பாய்கள், கூட ஒரு தமிழ் மொழிபெயர்ப்பாளர். அதிகாரிக்குத் தெரிந்த மலாய் கொஞ்சம்தான். அது போதுமானதாக இருந்தது.

"பெராஸ் மானா?"

அரிசி எங்கே என்கிறார். இவர், "பெராஸ் தாடா" என்றார். இல்லை என்று சொன்ன வாய் மூடுவதற்குள் கன்னத்தில் அறை விழுந்தது. கண்ணாடி பறந்துபோய்ச் செம்பருத்தி வேலியில் மாட்டிக்கொண்டது. லயத்து ஜனங்கள் தூரத்தில் கூடி நின்றார்கள். டிரஸரும் அவர் மனைவியும் வேலியோரம் நின்றார்கள்.

"கிராணி," என்றார் மொழிபெயர்ப்பாளர் தாழ்ந்த குரலில், "உங்க வீட்டுல தினம் சோறும் கறியும்னு ஊரே சொல்லுது. பதுக்கி வச்சிருந்தா ஒழுங்காக் காட்டிடுங்க. இல்லாட்டி உங்களை சயாம் ரயில் வேலைக்கு அனுப்பிடுவாங்க."

சயாமுக்கு ரயில்பாதை போடப் போனவர்கள் எங்கள் லயத்திலும் இருந்தார்கள். ஒருவர்கூட அதுவரை திரும்பவில்லை.

சிப்பாய்கள் வீட்டைப் புரட்டினார்கள். அரிசி டின் கிடைத்தது, உள்ளே காற்று. கிழங்கு மாவு கிடைத்தது. அதிகாரி விரலால் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தார். அரிசி மாவா என்று அவருக்குச் சந்தேகம் தீரவில்லை. குனிந்து மூத்தவளைக் கேட்டார்: "மாக்கான் அபா?"

என்ன சாப்பிட்டாய் என்ற கேள்வி. இதற்கென்றே பழகியவள் என் மகள். அந்நிய மனிதர், அதுவும் வாளோடு வந்தவர் கேட்கிறார் என்றதும் இருந்ததையெல்லாம் அள்ளி வைத்தாள்.

"நாசி! அயாம்! ஈக்கான்!" என்று சோறு, கோழி, மீன் எல்லாவற்றையும் மலாயிலேயே சொன்னாள். அப்புறம் என்னைப் பார்த்து, "அம்மா, அப்பளத்துக்கு மலாயில என்னம்மா?" என்றாள்.

அதிகாரியின் முகம் இறுகியது. சிப்பாய் ஒருவன் இவர் கையைப் பிடித்து லாரிப் பக்கம் இழுத்தான்.

"ஏங்க, பூப்பாத்தியைக் காட்டுங்க!" என்று கத்தினேன்.

இவர் என்னைப் பார்த்தார். பிறகு வேலிப் பக்கம் பார்த்தார். "டிரஸர் நிக்கறான்டி" என்றார்.

அந்த மனிதரோடு நான் இத்தனை வருஷம் குடித்தனம் செய்திருக்கிறேன். அவர்மேல் எனக்கு அவ்வளவு கோபம் அதற்கு முன்னும் வந்ததில்லை, பின்னும் வந்ததில்லை. மண்வெட்டியை நானே எடுத்தேன். ரோஜாக் குச்சிகளைப் பிடுங்கி எறிந்தேன், பாத்தியைக் கொத்தினேன். மேலே புதுத்தோல், அடியில் பழந்தோல், அதற்கும் அடியில் கறுத்துப்போய்ப் புழு நெளியும் தோல். எங்கள் குடும்ப கௌரவம் முழுவதும் நாறிக்கொண்டு வெளியே வந்தது. "ஊபி! கிழங்கு! ஊபிதான் திங்கறோம்! ரொம்ப நாளா ஊபிதான்!" என்று தமிழும் மலாயுமாகக் கத்தினேன். மூத்தவள் திகைத்துப்போய், "அம்மா, சொல்லக் கூடாதும்மா" என்று என் சேலையைப் பிடித்து இழுத்தாள்.

அதிகாரி கைக்குட்டையால் மூக்கை மூடிக்கொண்டு பள்ளத்தை நெடுநேரம் பார்த்தார். அப்புறம் அவர் கண் பக்கத்து வீட்டுக்குத் திரும்பியது. டிரஸர் கேள்விக்குக் காத்திருக்கவில்லை. ஓடிப்போய் ஆஸ்பத்திரி முத்திரை குத்திய பெரிய மருந்துப் பெட்டி ஒன்றைத் தரதரவென்று இழுத்து வந்து கவிழ்த்தார். பஞ்சும் மருந்தும் இருக்கவேண்டிய பெட்டியிலிருந்து கிழங்குத் தோல் கொட்டியது. இவரும் டிரஸரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அறை வாங்கிச் சிவந்த கன்னத்தோடு என் வீட்டுக்காரருக்கு ஒரு சின்னச் சிரிப்பு வந்ததை நான் பார்த்தேன்.

அதிகாரி நீளமாகப் பேசினார். நாங்கள் தலை குனிந்து நின்றோம். பேசி முடித்ததும் மொழிபெயர்ப்பாளர், "கும்பிடுங்க. சந்தோஷமா இருக்காரு" என்றார்.

"எதுக்கு?" என்றேன்.

"இது எருக்குழியாம். உணவு உற்பத்திக்கு முன்மாதிரியாம். தோட்டம் முழுக்க இதே மாதிரி குழி வெட்டணுமாம். அதுக்கு நம்ம கிராணிதான் தலைவராம்."

இப்படியாக என் வீட்டுக்காரருக்கு மறுபடியும் ஓர் உத்தியோகம் கிடைத்தது. மறுநாளே வெள்ளைச் சட்டையோடு லயத்துக்குப் போய், கிழங்கின் அருமையைப் பற்றியும் தோலின் பயனைப் பற்றியும் பேசினார். ஆரம்பத்திலிருந்தே கிழங்கு தின்றுகொண்டிருந்த ஜனங்கள் மரியாதையாகக் கேட்டார்கள். கடைசியில் ஒரு பெண் கேட்டாள்: "கிராணி ஐயா, எங்க ஊட்டுத் தோலைப் பன்னி தின்னுடுது. குழிக்கு எதைப் போடறது?"

இவர் அடுத்த லயத்துக்கு நடந்தார். ஆனால் மேலிடத்து உத்தரவுக்குக் குழி வேண்டும், குழிக்குத் தோல் வேண்டும். அதிகாரி பார்வையிட வந்த அன்று எங்கள் பாத்தித் தோலை இரண்டு கூடையில் அள்ளி வைத்திருந்தார்கள். அவர் ஒரு குழியைப் பார்த்துவிட்டு அடுத்ததுக்கு நடக்கும் முன் கூடைகள் கொல்லை வழியாக ஓடி அங்கே போய்க் கொட்டிக்கொண்டன. எல்லாக் குழியிலும் ஒரே தோல். தோட்டம் ரொம்ப ஒழுங்காக இருக்கிறது என்று அவர் பாராட்டிவிட்டுப் போனார்.

எனக்கு அந்த உத்தியோகமும் பாராட்டும் முக்கியமாகப் படவில்லை. லாரி புழுதி கிளப்பிக்கொண்டு போன அன்றைக்கே, யாரையும் கேட்காமல், சின்னவளைத் தூக்கிக்கொண்டு வேலியைச் சுற்றிப் போனேன். டிரஸர் அவள் காலை விரலால் அமுக்கினார். விழுந்த பள்ளம் எழும்பவில்லை.

"ஏம்மா இவ்வளவு நாளா கொண்டு வரலை?" என்றார். பிறகு கவிழ்ந்து கிடந்த மருந்துப் பெட்டியைப் பார்த்துவிட்டு, அந்தக் கேள்வியை விட்டுவிட்டார். "மருந்து ஒண்ணும் இல்லைம்மா. வெறும் கிழங்கு சாப்பிட்டா இப்படித்தான் வரும். தவிடு குடுக்கணும். கீரை, நெத்திலி குடுக்கணும்."

"தவிட்டுக்கு எங்கே போவேன்?"

டிரஸரம்மா தலையைக் குனிந்துகொண்டாள். மெர்போக் பக்கத்திலிருந்து ஒரு மலாய்க்கார அம்மா அவள் வீட்டுக்குத் தவிடு கொண்டு வருவதை நானே பார்த்திருக்கிறேன். கோழித் தீவனம் என்று சொல்லியிருந்தாள். கோழியும் முட்டையும் வேறு இருக்கிறது என்று நான் வயிறெரிந்தேன். கோழி கூவி ஒரு நாளும் கேட்டதில்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

"கோழி இல்லக்கா. நாங்கதான் தின்னோம்," என்றாள். "என் பெரிய பொண்ணுக்கும் கால் வீங்கிச்சு. இவர்தான் தவிடு குடுன்னாரு. கல்யாணச் சேலையைக் குடுத்து வாங்கினேன். கோழித் தீனி திங்கறோம்னு எப்படிக்கா வெளியே சொல்றது?"

இரண்டு பேரும் சேர்ந்து அழுதோம், பிறகு என்னவோ சிரிப்பு வந்துவிட்டது. அவள் சட்டியில் தவிட்டை வாசனை வரும் வரை வறுத்து, கொஞ்சம் வெல்லம் போட்டுக் கூழாகக் கிண்டி, என் பிள்ளைக்குத் தன் கையால் ஊட்டினாள். பிள்ளை துப்பியது. மறுபடி ஊட்டினாள். நான் வாசலில் கொட்டித் தீர்த்த வெள்ளைத் தண்ணீரைப் பற்றியும் அன்றைக்கே தெரிந்துகொண்டேன். அதைத் தெளிய வைத்தால் அடியில் மாவு படியும். அதைக் காய வைத்து அப்பளம் இடலாம், பிள்ளைக்குக் கஞ்சி காய்ச்சலாம். "நீங்க கொட்டறதைப் பாத்துத்தான்க்கா நானும் கொட்டினேன், மனசில்லாமத்தான் கொட்டினேன்" என்றாள்.

அதற்குப் பிறகு இரண்டு வீட்டுக்கும் ஒரே அடுப்பு மூட்டினோம். விறகு மிச்சம். லயத்துப் பெண்கள் மரவள்ளிக் கொழுந்தும் ஆற்று மீனும் கொண்டு வந்தார்கள், நான் பதிலுக்கு அவர்கள் பிள்ளைகளுக்குப் பழைய சாரத்தில் சட்டை தைத்துக் கொடுத்தேன். மூத்தவளுக்குத்தான் கஷ்டம். வெளியாள் யாராவது வந்தால் என்னிடம் ஓடி வந்து, "அம்மா, இன்னிக்கு எதைச் சொல்லணும், சோறா கிழங்கா?" என்று காதில் கேட்பாள்.

சின்னவளின் வீக்கம் மெல்ல மெல்ல வடிந்தது. ஒரு மத்தியானம் நானும் டிரஸரம்மாவும் கிழங்கு துருவிக்கொண்டிருந்தோம். சின்னவள் செம்பருத்திக் கிளையைப் பிடித்து எழுந்தாள், கிளையை விட்டாள், தள்ளாடி நடந்து வந்து, தவிட்டுச் சட்டிக்குள் கையை விட்டாள். நாங்கள் போட்ட கூச்சலில் அவளுக்குப் பயம் வந்து உட்கார்ந்துவிட்டாள். இவர் குழி வேலையை விட்டுவிட்டு ஓடி வந்தார். ஆஸ்பத்திரியிலிருந்து டிரஸரும் வந்தார். "எங்கே, இன்னொரு தடவை நட" என்று இரண்டு ஆண்களும் பிள்ளையின் எதிரில் மண்ணில் குந்தினார்கள். அவள் யாரிடம் முதலில் போகிறாள் என்று அவர்களுக்குள் போட்டி தொடங்கிவிட்டது.