காற்றில் வந்த தாய்மாமன் சீர்

முட்டுக்காட்டு உப்பங்கழி ஓரத்து ரெபேக்காளுக்கு வாய்தான் சொத்து. தாயும் தகப்பனும் ஊரார் வயலில் நாற்று நட்டவர்கள்; இவள் கம்ப்யூட்டர் ஆபீஸ் கேன்டீனில் இட்லி அவிக்கிறாள். புருஷன் போய்ச் சேர்ந்த பிறகு ஒற்றை மகள் ஹெலனைப் படிக்கவைத்து, கருங்குழியில் மாப்பிள்ளையும் பார்த்துவிட்டாள். தை பிறந்ததும் கல்யாணம். தகப்பன் இல்லாத பெண்ணைக் கோயிலுக்குள் கைபிடித்துக் கூட்டிப்போகத் தாய்மாமன் வேண்டும்.

தாய்மாமன் தெருக்கோடியிலேயே இருக்கிறான். ரெபேக்காளின் தம்பி ஆபிரகாம். ஆனால் பேச்சுவார்த்தை இல்லை. அவன் புதுவீட்டுக்குப் பாஸ்டர் ஜெபம் பண்ணும்போது, ஆமென் சொல்ல வேண்டிய இடத்தில் இவள் அண்ணாந்து பார்த்து, "டேய், தகரத்துக்கு போல்ட்ட முறுக்கவேயில்ல, ஒரு காத்துக்குத் தாங்காது" என்று சொல்லித் தொலைத்தாள். அன்றைக்கே அக்காவுக்குக் கருநாக்கு என்று முகத்தைத் திருப்பிக்கொண்டவன், ஹெலன் போய் அழைத்தும் அசையவில்லை.

மார்கழிக் கடைசியில் ஒருநாள் விடியும்போது, கழிமேல் கறுப்பாய் ஒரு காற்றுத் தூண் எழும்பியது. ஒன்று போதாதென்று பின்னாலேயே இன்னும் இரண்டு. சுழன்று சுழன்று கரையேறியதில் பனைகள் முறிந்தன, படகு ரோட்டில் கவிழ்ந்தது, சடையப்பன் வீட்டுச் சுவர் அவன் பசுவின் மேலேயே சாய்ந்தது. மனுஷ உயிர் தப்பியது கர்த்தர் புண்ணியம். ரெபேக்காளின் காங்கிரீட் வீடு நின்றது. வாசலில் போட்டிருந்த கல்யாணப் பந்தலில்தான் கீற்றெல்லாம் போய், மொட்டைக் கால்கள் நின்றன. அவற்றுக்கு நடுவே நீலத் தகரங்கள் கிடந்தன. அந்தத் தெருவில் நீலத் தகரம் போட்ட வீடு ஒன்றே ஒன்று.

கொஞ்ச நேரம் பார்த்தாள் ரெபேக்காள். உள்ளே போய்ச் சந்தனக் கிண்ணத்தோடு வந்தாள். தகரத்துக்குத் தகரம் பொட்டு, மேலே ஒரு முழம் கனகாம்பரம்.

"இன்னாக்கா இது?" என்றாள் பக்கத்து வீட்டு ஜோதிலட்சுமி.

"தாய்மாமன் சீரு. தட்டுல வச்சா கனம் தாங்காதுன்னு காத்துல அனுப்பிகீறான்."

ஜோதிலட்சுமியிடம் சொன்னால் போதாதா. மத்தியானத்துக்குள் தெருவே சீர் பார்க்க வந்தது. வந்தவர்கள் சும்மா போகாமல் தகரங்களைப் பந்தல் காலில் ஏற்றிக் கட்டியும் விட்டார்கள்.

சாயங்காலம் ஆபிரகாம் வந்தான். நனைந்த பாயும் தலையணையுமாய்ப் பெண்சாதி பிள்ளைகள் பின்னால்.

"என் தகரத்த எறக்கு."

"சீரத் திருப்பிக் கேக்கற மாமன இப்பத்தான் பாக்கறேன். கருங்குழிக்குப் போன் போட்டு சொல்லியாச்சுடா."

"உன் கருநாக்குதான் பிச்சிகினு வந்துச்சு."

"நாக்கு சொல்லத்தான் சொல்லுச்சு. முறுக்காதது உன் கை."

கூட்டம் முந்தானையை வாயில் திணித்துக்கொண்டு நின்றது. மழை மறுபடி தூறியது. ஆபிரகாம் அண்ணாந்தான். அவன் கூரை, பொட்டும் பூவுமாய், நன்றாகத்தான் இருந்தது.

"பாயப் போடுடி" என்றான் பெண்சாதியிடம். "என் கூர எங்க கீதோ அங்கதான் நான் குந்துவேன். எவ எழுப்பறான்னு பாக்கறேன்."

கல்யாணம்வரை அந்தக் குடும்பம் பந்தலைவிட்டு நகரவில்லை. ரெபேக்காள் முணுமுணுத்துக்கொண்டே வேளாவேளைக்கு இட்லி வைத்தாள். கல்யாணத்தன்று ஹெலன் கையைப் பிடித்துக் கோயிலுக்குள் நடந்தவன் ஆபிரகாம்தான்; கண்ணைத் துடைத்துக்கொண்டதைக் கருங்குழிக்காரர்களும் பார்த்தார்கள்.

மறுநாள் தகரங்கள் அவன் வீட்டுக்குத் திரும்பின. ஆபிரகாம் மேலே ஏறி போல்ட் முறுக்க, ரெபேக்காள் கீழே ஏணியைப் பிடித்துக்கொண்டாள். முறுக்கி முடித்துக் குனிந்து கேட்டான்: "போதுமா?"

ரெபேக்காள் வாயைத் திறக்கவில்லை. அவன் மறுபடி முதல் போல்ட்டிலிருந்து ஆரம்பித்தான்.